கை நனைத்த வீடுகள்

தை மாதத்தில் நடக்கவிருந்த எங்கள் மகளின் திருமணத்திற்கு அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்றே, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து உறவினர்களுக்கு நேரில் சென்று வைப்பதென்று முடிவாயிற்று. திருவருகைக் காலம் தொடங்குமுன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கார்த்திகை பிறந்த முதல் வாரத்துச் சனியும் ஞாயிறும் அதற்கென ஒதுக்கப்பட்டன. மொத்தம் பதினோரு வீடுகள். இரண்டு நாள்களுக்குப் பதினோரு வீடுகள் என்பது பெரிய கணக்கன்று என்று மதுரையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. அந்தச் சீமையின் வழக்கத்தை நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். அங்கே தட்டை நீட்டிவிட்டு வாசலோடு திரும்பிவிட முடியாது. கை நனைக்காமல் எந்த வீட்டை விட்டு வெளியேறினாலும், வைத்த அழைப்பிதழ் வைக்காததற்கே சமம்.

உணவைக் காட்டிலும் எங்களை உறுத்திக்கொண்டிருந்த கவலை ஒன்று உண்டு. திருச்சுழிக்கு அப்பால் உள்ள எங்கள் தகப்பனார் ஊரில் இரண்டு சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். அண்ணன் தம்பி இருவரும் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் தகப்பனார் இருந்தவரை மூத்தவர் என்ற முறையில் இருவரையும் தம் இரு பக்கத்திலும் உட்கார வைத்துக்கொள்வார். அவர் மறைந்த பின் அதற்கும் ஆளில்லை. ஒருவர் வரும் திருமணத்துக்கு மற்றவர் வருவதில்லை. பெரியவருக்கு முதலில் வைத்தால் சின்னவர் மனம் சுணங்கும். சின்னவருக்கு முதலில் வைத்தால் உலகமே சிரிக்கும். இந்தச் சிக்கலோடுதான் சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினோம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தூத்துக்குடி வரை செல்லும் நான்கு வழிச்சாலை வந்த பிறகு அது ஒரு தூரமே அன்று. பேருந்தில் சாய்ந்து ஒரு சிறு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. முன்பு ஒவ்வோர் ஊரிலும் நின்று, கூடைகளையும் கோழிகளையும் ஏற்றி இறக்கி ஊர்ந்த அந்தப் பயணத்தில் வெளியே பார்க்கப் பொழுது இருந்தது. ஆயினும் காரியாபட்டியைக் கடந்ததும் இருபுறமும் நிலத்தின் நிறம் மாறுவதைக் காணத் தவறவில்லை. செம்மண் போய்க் கரிசல் வருகிறது. கோடையில் இந்த நிலத்தைப் பார்த்தவர்கள் கார்த்திகையில் வந்து பார்க்க வேண்டும். பங்குனி, சித்திரையில் குழந்தையின் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழை இறங்கியதும் வெடிப்புகளை மூடிக்கொண்டு கறுத்துப் பளபளக்கிறது. உளுந்தும் பாசிப்பயறும் மல்லியும் குதிரைவாலியும் மக்காச்சோளமுமாக எங்கு பார்த்தாலும் பசுமை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதியும் இந்த இரண்டு மூன்று மாதங்களில் வந்தால்தான் உண்டு. வராவிட்டால் அந்த ஆண்டுக்கு ஏதுமில்லை.

இந்தப் பசுமையை ஒருவருக்கொருவர் காட்டி வியந்துகொண்டிருந்ததில்தான் முதல் விபத்து நிகழ்ந்தது. அருப்புக்கோட்டையில் இறங்கி, பேருந்து புறப்பட்டுக் கண்ணுக்கு மறைந்த பிறகு, ஒருவர் கையை மற்றவர் பார்த்தோம். அழைப்பிதழ்ப் பை யாரிடமும் இல்லை. அவர் எடுத்துவருவார் என்று இவரும், இவர் எடுத்துவருவார் என்று அவரும் இருந்திருக்கிறோம். நாற்பது அழைப்பிதழ்கள், வெற்றிலை பாக்கு, புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டு எல்லாம் தலைக்கு மேலிருந்த பலகையில் அமர்ந்து எட்டயபுரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நிலையத்தில் இருந்த ஒரு பெரியவர், பதற்றமே இல்லாமல் பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தார், யாருக்கோ கைபேசியில் பேசினார், “பை பத்திரமாக இருக்கு. அந்த வண்டி தூத்துக்குடி போய்த் திரும்பும்போது சாயந்தரம் வந்து வாங்கிக்கோங்க” என்றார். அவருக்கு என்ன நன்றி சொன்னோம் என்பதுகூட நினைவில்லை. வெறுங்கையோடு அக்கா வீட்டுக்கு நடந்தோம்.

அக்கா வீடு பழைய நெசவாளர் தெருவில் இருக்கிறது. அருப்புக்கோட்டையைப் பற்றிச் சொல்ல வந்தால் பலரும் 1977ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் வென்று முதலமைச்சரானதையே முதலில் சொல்வார்கள். எங்களுக்கு இந்த ஊர் என்றால் தறிச் சத்தம்தான். சிறு வயதில் விடுமுறைக்கு வந்தால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீரான ஓசை கேட்கும். இரவில் அது நின்ற பிறகே தூக்கம் கலையும். குழித்தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்துவிட்டன. அவற்றின் இடத்தில் விசைத்தறியின் கடகடப்பு சில வீடுகளிலிருந்து வருகிறது. மற்ற வீடுகளில் தொலைக்காட்சி. அத்தான் ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாவு நீட்டுவதற்காகவே அகலமாக விட்ட தெரு இது என்பார். இப்போது அந்த அகலத்தில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். வறண்ட நாட்டில் வருபவர்க்கு முதலில் தரப்படுவது இதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. குடித்து முடித்ததும், “என்ன தண்ணி சொல்லு பார்ப்போம்” என்றாள். விழித்தோம். “இது வைகை. போன தடவை நீங்க குடிச்சது தாமிரபரணி. வேற வேற ருசி, தெரியலை?” இந்த நகருக்குக் குடிநீர் அந்த இரண்டு ஆறுகளின் படுகைகளிலிருந்தும் குழாய்வழி வந்து சேருகிறது. தனக்கென ஓர் ஆறு இல்லாத ஊர், இரண்டு ஆறுகளின் சுவையைப் பிரித்தறியும் நாக்கைப் பெற்றிருப்பது வேடிக்கைதான். சமையற்கட்டில் ஆறு குடங்களும் பின்கட்டில் இரண்டு நீல நிறப் பீப்பாய்களும் நிறைந்திருந்தன. குழாயில் நீர் வரும் நாளை அக்கா நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தாள். எங்கள் மகளின் திருமண நாளும் அதே சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தது.

பை போன செய்தியைச் சொன்னோம். அழைப்பிதழின் படம் கைபேசியில் இருக்கிறதே, பக்கத்து வீடுகளுக்கு அதைக் காட்டி அழைத்துவிட்டு வரலாமே என்று எங்களில் ஒருவர் மெல்லச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது. “கண்ணாடியில சோற்றைக் காட்டினா வயிறு நிறைஞ்சிருமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பகல் உணவில் அதலைக்காய்ப் பொரியல் இருந்தது. இந்தக் காயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாகற்காயின் சுற்றம்; ஆனால் விரல்நுனி அளவுதான் இருக்கும். விருதுநகர்ச் சீமையின் கரிசலிலும் அதையொட்டிய பகுதிகளிலும் மழை பெய்த பிறகு தானாகக் கொடி ஓடிக் காய்க்கும். விதைத்து வளர்ப்பவர் அரிது. பறித்த மறுநாளே வெடித்து விதையைக் கொட்டிவிடுவதால் தொலைதூரச் சந்தைகளுக்கு இது பயணம் போவதில்லை. சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினால், முதலில் கசந்து, பிறகு நாவில் ஏதோ ஓர் இனிப்பை விட்டுச் செல்லும். மொச்சைக் குழம்பும் மிதுக்கு வற்றலும் இருந்தும் இலையில் முதலில் காலியானது அதுவே. “நாளைக்கு உங்களுக்கு ஒரு பை கட்டித் தர்றேன்” என்றாள் அக்கா. பை என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான் சிரித்துவிட்டார்.

அன்று மாலை வரை, அழைப்பிதழ் இல்லாமலே மூன்று வீடுகளுக்குச் சென்றோம். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னோம். சும்மா வந்தவர்களுக்கும் காப்பியும் காராச்சேவும் உண்டு. இரவு ஏழு மணிக்குப் பை வந்து சேர்ந்தது. வெற்றிலை மட்டும் வாடியிருந்தது. அதை மாற்றிக்கொண்டு அதே மூன்று வீடுகளுக்கும் மறுபடி சென்றோம். “இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க?” என்று கேட்டவர்களே, இப்போது இரவு உணவுக்கு இலை போட்டார்கள். முதல் வீட்டில் இட்லி, இரண்டாம் வீட்டில் தோசை. மூன்றாம் வீட்டில் எங்கள் அத்தை, தொண்ணூறை நெருங்குபவர். கண் பார்வை ஏறக்குறைய இல்லை. அழைப்பிதழைக் கையில் கொடுத்ததும் நான்கு மூலைகளையும் தடவி, மூக்கருகே கொண்டுசென்று மஞ்சள் வாசனை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி, “உங்க அப்பன் பேரு எந்த இடத்துல இருக்கு?” என்று கேட்டார். விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தோம். சிறிது நேரம் அங்கேயே வைத்திருந்தார். அந்த வீட்டில் பரிமாறிய இடியாப்பத்தை வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழா. காலைத் திருப்பலி முடிந்து, அக்கா மகன் ஓட்ட, அவனுடைய சிறிய காரில் திருச்சுழிக்குப் புறப்பட்டோம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே அரை மணி நேரத்துக்கும் குறைவான வழி. சாலையின் இருபுறமும் பசுமை இருக்கிறது என்றேன்; அதில் பாதி சீமைக்கருவேலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்ற நூற்றாண்டில் விறகுக்காகப் பரப்பப்பட்ட மரம், கண்மாய்களையும் தரிசுகளையும் தன் வசமாக்கிக்கொண்டது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2017ஆம் ஆண்டு இதை அகற்றச் சொல்லி ஆணையிட்டபோது இயந்திரங்கள் வந்து வேரோடு பிடுங்கின. அதே ஆண்டே அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. பிடுங்கிய இடங்களிலும் மறுபடி முளைத்துவிட்டது. இதை ஏசாதவர் இல்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு அடுப்பெரிய வைத்ததும் இந்த மரம்தான் என்று அக்கா மகன் சொன்னான். இரண்டும் மெய்யே.

திருச்சுழி என்ற பெயரைக் கேட்டதும் நீர்ச்சுழிதான் நினைவுக்கு வரும். ஊழிவெள்ளம் சூழ்ந்தபோது இறைவன் அதைச் சுழித்துப் பூமிக்குள் புகச் செய்தார் என்பது இங்குள்ள திருமேனிநாதர் கோவிலின் தலவரலாறு. சுந்தரரின் பாடல் பெற்ற தலம் இது. வெள்ளத்தை மண்ணுக்குள் அனுப்பிய ஊரில், மண்ணுக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே எடுக்கப் பிற்கால மக்கள் படும் பாட்டை எண்ணினால் அந்தக் கதைக்கு இன்னொரு பொருளும் தோன்றுகிறது. கோவிலுக்கு அருகில், ரமண மகரிஷி பிறந்த இல்லம் சுந்தர மந்திரம் என்ற பெயரில் காக்கப்பட்டு வருகிறது. 1879 டிசம்பர் 30 அன்று வழக்கறிஞர் சுந்தரமையரின் மகனாய் இங்கே பிறந்த சிறுவர், பின்னாளில் மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1896இல், வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். ஊருக்குத் திரும்பவேயில்லை. வெளிநாட்டவர் இருவர் அமைதியாக உள்ளே அமர்ந்திருந்தார்கள். வாசலில் ஆடு ஒன்று படுத்திருந்தது.

ஊரை ஒட்டி ஓடும் குண்டாற்றின் பாலத்தில் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். பெரும்பாலான மாதங்களில் மணலும் முள்ளுமாகக் கிடக்கும் ஆறு அன்று செந்நிறச் சேற்றுநீராய் ஒரு கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஊரார் சிலர் பாலத்தில் நின்றார்கள். ஒருவர் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். காவிரியையும் வைகையையும் இந்தக் குண்டாற்றோடு இணைக்கும் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. “வந்தா எம் பேரன் குளிப்பான்” என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் கேலி செய்கிறாரா, நம்புகிறாரா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

திருச்சுழியில் இரண்டு வீடுகள். ஒன்றில் பூட்டு, வாசலில் இருந்தவர்கள், காரியாபட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மற்றொன்றில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும். காலை பத்து மணிக்குச் சாப்பாடா என்று தயங்கினால், “நாங்க வயலுக்குப் போறவங்க, எங்களுக்கு இதுதான் நேரம்” என்றார்கள். அதை மறுக்க வழியில்லை.

இனி எங்கள் ஊர். நரிக்குடிச் சாலையில் சென்று, பிரியும் சிறு பாதையில் திரும்ப வேண்டும். பாதை ஊருக்குள் நுழைந்ததும் முதலில் இருப்பது சின்னச் சித்தப்பா வீடு. பெரிய சித்தப்பா வீடு, ஊர்க் கோடியில், கண்மாய்க் கரைக்கு அருகில்.

இருவருக்குள்ளும் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடலாம். தாத்தா வெட்டிய கிணறு ஒன்று இருவருக்கும் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைத்தார்கள். மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில் கிணற்றில் ஊற்று குறைந்தது. சின்னச் சித்தப்பா கடன் வாங்கித் தம் பங்கு நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். கிணற்றுக்கும் அதற்கும் நூறு அடிகூட இல்லை. அடுத்த மாதமே கிணறு வற்றியது. ஊற்றை அவன் அறுத்துவிட்டான் என்றார் பெரியவர். வானம் பொய்த்ததற்கு நான் என்ன செய்வேன் என்றார் சின்னவர். இதில் பெரிய வேடிக்கை, ஆழ்துளைக் கிணற்றில் வந்தது உவர்நீர். அதைப் பாய்ச்சிய உளுந்து கருகிப் போயிற்று. ஆகக் கிணற்றிலும் நீரில்லை, குழாயிலும் உதவும் நீரில்லை. இல்லாத தண்ணீருக்காக இரண்டு வீடுகளும் ஒன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. நிலத்தடியில் எது எந்த ஊற்றோடு சேர்ந்தது என்பதை மேலே நின்று யாரும் உறுதியாய்ச் சொல்ல இயலாது. ஆகையால் யார் மேல் குற்றம் என்று தீர்ப்பளிக்க நாங்களும் துணியவில்லை.

முறைப்படி பெரியவருக்கே முதலில் வைக்க வேண்டும். ஆனால் சின்னவர் வாசலைக் கடந்து, அவர் பார்த்திருக்க, நிற்காமல் போவது எப்படி? கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு ஒரு வண்டிப் பாதை இருக்கிறது. அது நேரே பெரியவரின் களத்தில் போய் முடியும் என்று எங்களில் ஒருவருக்கு நினைவு வந்தது. அந்த நினைவு முப்பது ஆண்டுகள் பழையது, அதுவும் கோடைகால நினைவு. அக்கா மகன் தயங்கினான். நாங்கள் வற்புறுத்தினோம்.

கரிசலைப் பற்றி ஏட்டில் எவ்வளவு படித்திருந்தாலும், மழைக்காலத்தில் அதில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்க்கே அதன் குணம் தெரியும். நீரை உறிஞ்சி உப்பும் மண் அது. காலில் ஒட்டினால் அடுத்த அடியில் அதன் மேல் இன்னும் ஒட்டும். நான்கு அடி நடப்பதற்குள் செருப்பு செங்கல் கனம் ஆகிவிடும். கார் ஒரு நூறு கெசம் சென்றது. பிறகு பின்சக்கரங்கள் ஒரு பக்கமாய் வழுக்கின. அவன் விசையை அழுத்த அழுத்த, முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றித் தங்களுக்கென்று குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கின. கதவைத் திறந்து காலை வைத்தவருக்குச் செருப்பு திரும்பி வரவில்லை. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியும் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தை மார்போடு அணைத்தபடி, உளுந்துக் காட்டின் நடுவே நின்றோம்.

யாரும் பார்க்கக் கூடாது என்று வந்த வழியை ஊரே பார்த்தது. முதலில் சிறுவர்கள், பிறகு ஆடு மேய்ப்பவர்கள், பிறகு உழவு இயந்திரம் ஒன்றின் ஓசை. அதை ஓட்டி வந்தவர் சின்னச் சித்தப்பா. இறங்கினார். எங்களைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், கார் எந்தத் திசையை நோக்கிச் சிக்கியிருக்கிறது என்பதையும் பார்த்தார். ஏன் இந்த வழியாக வந்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. “கயிறு கொண்டுவரலை. யாராவது போய் ஒரு கயிறு வாங்கிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த வீடு ஒன்றுதான். சிறுவன் ஒருவன் ஓடினான். கயிற்றோடு திரும்பி வந்தவன் அந்தச் சிறுவன் அல்லன். வடக்கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் நிதானமாகக் கால் பதித்துப் பெரிய சித்தப்பாவே வந்தார். பொதுக் கிணற்றில் மோட்டாரை இறக்கவும் ஏற்றவும் அந்த நாளில் வாங்கிய கயிறு அது. அதைத் தம்பியின் கையில் கொடுக்காமல் தரையில் போட்டார். தம்பி அதைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டார். நாங்கள் மூச்சு விடவில்லை.

சின்னவர் குனிந்து காரின் முன்புறத்தில் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். பெரியவர் சற்று நேரம் பார்த்திருந்தார். அக்கா மகனைக் கூப்பிட்டு, “அங்க கட்டக் கூடாதுன்னு சொல்லுப்பா” என்றார். அவன் சொல்லுமுன் சின்னவர் முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தார். அப்போது பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

“பம்பர்ல கட்டி இழுத்தா பம்பர் மட்டுந்தான்டா வரும்! அடியில கொக்கி இருக்கும், பாரு!”

ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். சின்னவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை, சேறு இருந்தது. “சேத்துக்குள்ள கொக்கி எங்க தெரியுது?” என்றார். பெரியவர் முழங்கால் போட்டு, கையைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, கொக்கியைக் கண்டுபிடித்தார். இருவருமாகக் கயிற்றை மாட்டினார்கள். மூன்றாவது இழுப்பில் கார் பெருமூச்சு விட்டதுபோல் ஓர் ஓசையோடு வெளியே வந்தது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. அதற்கு யார் பொறுப்பு என்று அங்கேயே ஒரு வழக்கு தொடங்கியது. ஆனால் அது பேச்சாக நடந்த வழக்கு.

உழவு இயந்திரம் எங்கள் காரை இழுத்துக்கொண்டு பெரியவரின் களத்தில்தான் போய் நின்றது. வேறு இடத்தில் திருப்ப வழியில்லை. பெரிய சித்தி வாசலில் நின்றிருந்தார். கை கால் கழுவ இரண்டு குடம் தண்ணீரை எடுத்து வைத்தார். அந்த ஊரில் இரண்டு குடம் என்பது எவ்வளவு என்று அங்கிருப்பவர்க்குத் தெரியும். பிறகு செம்பில் குடிநீர் கொண்டுவந்து வரிசையாகக் கொடுத்தார். சின்னவர் உழவு இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார், இயந்திரத்தை நிறுத்தாமல். சித்தி செம்பை அவரிடமும் நீட்டினார். “நிப்பாட்டுங்க தம்பி, சத்தத்துல ஒண்ணும் கேக்கலை” என்றார். அவர் நிறுத்தினார். குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து, “எனக்கு எவ்வீட்டுல வந்து வைக்கணும். இங்கயே வச்சு முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க” என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். கயிறு அவர் வண்டியோடு போய்விட்டது.

பெரியவர் வீட்டில் அழைப்பிதழ் வைத்தோம். நாட்டுக்கோழிக் குழம்பும் ரசமும் சாப்பிட்டோம். தம்பியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றி மட்டும் இரண்டு முறை சொன்னார், அது என்ன விலைக்கு எந்த ஆண்டு வாங்கியது என்று. ஒரு மணி நேரம் கழித்து, இம்முறை ஊர்ச்சாலை வழியாகவே, சின்னவர் வீட்டுக்குப் போனோம். சின்னச் சித்தி இலை போட்டுக் காத்திருந்தார். அங்கேயும் கோழிக் குழம்பு. “அங்க என்ன கறி?” என்று கேட்டார். சொன்னோம். “எங்களது ருசியா, அவங்களதா?” என்று கேட்காமல் விட்டாரே, அது அவருடைய பெருந்தன்மை. அந்த ஞாயிறு பகலில் நாங்கள் உண்ட அளவை எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள்; விட்டுவிடுகிறோம்.

சின்னவரின் கொல்லையில் அந்த ஆழ்துளைக் குழாய் இன்னும் இருக்கிறது, வாயில் ஒரு கனத்த இரும்புத் தகட்டைப் போட்டுத் திருகாணியால் முடுக்கி, மேலே ஒரு கல்லும் ஏற்றி வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் வாரம் ஒரு முறை தகட்டை அசைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். குழாய்க்கு அப்பால் பொதுக் கிணறு. எட்டிப் பார்த்தோம். இந்த ஆண்டு மழையில் அடியில் நீர் நின்றிருந்தது. ஒரு தவளை கத்தியது. எவ்வளவு ஆழம் இருக்கும் என்று கேட்டோம். “எட்டடி இருக்கும். யாரும் இறைக்கிறதில்லை” என்றார்.

எஞ்சிய வீடுகளை முடித்து, அக்கா வீட்டில் விடைபெற்றுப் பேருந்து ஏறும்போது இரவு எட்டு மணி. இம்முறை பைகளை இருவரும் எண்ணினோம். மூன்று பைகள். மூன்றிலும் அதலைக்காய்: ஒன்று அக்கா கொடுத்தது, ஒன்று பெரிய சித்தி கொடுத்தது, ஒன்று சின்னச் சித்தி கொடுத்தது. எதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. மதுரையில் இறங்கும்போதே பைக்குள் ஈரம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கொட்டியபோது பாதிக் காய்கள் வெடித்து, விதை தெறித்து, எது எவர் வீட்டுக் காய் என்று பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன. மகள் எழுந்து வந்தாள். இரவு பதினொரு மணிக்கு மூவருமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம்.

அடுத்த ஞாயிறு பெரிய சித்தப்பாவைக் கைபேசியில் அழைத்தோம். திருமணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், வேன் ஒன்று ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்க நினைத்தோம். சின்னவர் வீட்டையும் சேர்த்து ஒரே வேனா, இரண்டா என்று எப்படிக் கேட்பது எனத் தயங்கிக்கொண்டிருந்தோம். அவர் எங்களைப் பேசவே விடவில்லை. தம்பி இன்னும் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எட்டு நாளாகிவிட்டது, ஒரு பொருளை வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது என்றார். நாங்கள் வேண்டுமானால் அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டோம்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குக் காலையில நானே அவன் வீட்டுக்குப் போய் வாங்கிக்கிறேன்” என்றார்.